கறவை ஆடும் நாளாந்தக் கணக்கும்

கடை வைத்திருக்கும் எவரும் இரவில் லாச்சிப் பணத்தை எண்ணாமல் கதவைப் பூட்டுவதில்லை. ஆனால் வீட்டின் பின்புறம் கட்டியிருக்கும் கறவை ஆட்டின் பாலை அளந்து எழுதுவோர் குறைவு. மேலதிக வருமானம் கருதி ஓரிரு ஆடுகள் வாங்க விரும்பும் சகோதரர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓர் அளவுக் குவளையும் ஒரு கொப்பியும் வாங்குங்கள் என்பதுதான். தீனிக் குறையானாலும் நோயானாலும், ஆடு படுத்துவிடுவதற்கு முன்பே பால் குறையத் தொடங்கும்.

முதலில் கொள்வனவு. மடி பெருத்திருப்பதை மட்டும் பார்த்து விலை பேசக்கூடாது. பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர், கறந்து பார்த்தபின் ஆட்டை வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. எனவே காலையும் மாலையும் கண்முன்னே கறந்து அளந்து பார்த்த பின்பே பணம் கொடுங்கள். ஜம்னாபாரியானாலும் சானன் ஆனாலும் இதுவே முறை.

அடுத்தது தீனி. சுமார் 40 கிலோ எடையுள்ள கறவை ஆட்டுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ பச்சைத் தீனி வேண்டும். ஓப்பநாயக்கப் பகுதியில் பலா இலைக்கும் வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவுக்கும் பஞ்சமில்லை. கிளிரிசீடியாவைச் சற்று வாடவிட்டுக் கொடுத்தால் ஆடு விரும்பித் தின்னும். இதற்கு மேல், உடம்பைக் காக்க 250 கிராமும், கறக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் 300 முதல் 400 கிராமும் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு சேர்ந்த கலவை கொடுக்கலாம். தாதுஉப்பும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். களைநாசினி தெளித்த தேயிலைக் காணியின் புல்லை அறுத்துப் போடாதீர்கள்.

கந்தூரியிலோ கல்யாண வீட்டிலோ மீந்த சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவது நம்மிடையே உள்ள பழக்கம். மாவுச்சத்து திடீரென அதிகமானால் இரைப்பையில் அமிலம் பெருகும். வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஓரிரு நாளில் ஆடு இறந்தும் போகலாம். சோற்றை மிச்சப்படுத்தப் போய் முதலையே இழப்பது வியாபாரமல்ல. எந்தத் தீனியையும் ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகவே மாற்ற வேண்டும்.

இனிக் கொப்பியைப் படிக்கும் முறை. குட்டி ஈன்று 4 முதல் 6 வாரங்களில் பால் உச்சத்தை அடையும். அதன்பின் மெதுவாகக் குறைவது இயல்பு. அதை மீறிய குறைவுக்குக் காரணம் தேட வேண்டும்.

ஓரிரு நாளில் சட்டெனக் குறைந்து, மடியின் ஒரு பக்கம் சூடாகவோ கடினமாகவோ இருந்தால் மடிவீக்கம் என்று சந்தேகியுங்கள். தினமும் முதல் இரண்டு மூன்று பீச்சல்களை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரியோ கட்டியோ தெரிந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள். கறந்ததும் காம்புத் துளை மூடச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை ஆடு ஈரத் தரையில் படுக்காதிருக்க, முன்னால் தீனி போட்டு அரை மணிநேரம் நிற்க வையுங்கள்.

வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்து, கீழ் இமையை விலக்கினால் சிவப்புக்குப் பதில் வெளிறிய நிறம் தெரிந்தால், இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவே பெரும்பாலும் காரணம். தாடைக்குக் கீழ் நீர் கோத்தால் நிலைமை முற்றிவிட்டது. இரத்தினபுரி மாவட்டத்தைப் போன்ற மழைப் பிரதேசத்தில் புழுக்குஞ்சுகள் ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆகவே பனி காய்ந்தபின் புல்லை அடியோடு ஒட்டாமல் அறுங்கள். கொட்டிலைத் தரையிலிருந்து 3, 4 அடி உயர்த்தி, இடைவெளி விட்டுப் பலகை அடியுங்கள். கண்டபடி புழுமருந்து கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சில மருந்துகள் சினையின் ஆரம்பத்தில் ஆகாது. ஆட்டின் எடையையும் சினையையும் சொல்லி வைத்தியரிடம் அளவு கேளுங்கள்.

பின்கால் இழுத்து நடந்தால் அடிபட்டது என்று இருந்துவிடாதீர்கள். மாட்டின் வயிற்றறையில் கேடின்றி வாழும் ஒரு புழுவின் குஞ்சை நுளம்பு ஆட்டுக்குக் கடத்துவதால் முள்ளந்தண்டு பாதிக்கப்படலாம். ஆட்டுக் கொட்டிலை மாட்டுத் தொழுவத்துக்கு அருகே கட்டாதிருப்பதும், நுளம்பு பெருகாமல் பார்ப்பதும் நல்லது.

இறுதியாக ஒரு பொறுப்பு. நோயெதிர் மருந்து கொடுத்த ஆட்டின் பாலை, வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் முடியும்வரை விற்கக்கூடாது. அதைக் குடிப்பது ஒருவேளை அயல்வீட்டுக் குழந்தையாக இருக்கும். அந்த நாட்களின் நட்டத்தையும் கொப்பியில் செலவாக எழுதுங்கள். நட்டத்தை மறைக்காத கணக்கும் குறையை மறைக்காத சரக்கும் சேர்ந்தால், ஓர் ஆட்டில் தொடங்கும் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வான், இன்ஷா அல்லாஹ்.