கண்ணை மூடினால் சுருள் தெரிவது ஏன்?

1960-களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் அச்சான இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? சுழலும் வட்டங்கள், நெளியும் எழுத்துக்கள், கண்ணைக் கூசவைக்கும் நிறங்கள்! எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் அங்கே பரவியிருந்த காலம் அது. அதை உட்கொண்டவர்கள் கண்ட மாயக்காட்சிகளைக் காகிதத்தில் பிடிக்க முயன்ற கலை இது. வேறோர் உலகின் வாசல் தங்களுக்குத் திறந்ததாகப் பலர் நம்பினார்கள். உண்மையில் அவர்கள் கண்டது எதை?

இதற்கான தடயம் 1920-களிலேயே கிடைத்துவிட்டது. மெக்சிகோவில் வளரும் பெயோட்டே என்ற சிறு கள்ளியில் மெஸ்கலின் என்னும் பொருள் உண்டு. அது உண்டாக்கும் மாயக்காட்சிகளை ஹைன்ரிக் க்ளூவர் என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்தார். கண்டவர்கள் சொன்ன கதைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. ஆனால் அடிப்படை வடிவங்கள் நான்கே: தேன்கூடு போன்ற கட்டங்கள், சிலந்தி வலை, சுரங்கப்பாதை, சுருள். ஒற்றைத் தலைவலி வரும்போதும், வேகமாகச் சிமிட்டும் ஒளியின் முன்பும் இத்தகைய வடிவங்கள் தோன்றுவதுண்டு. (சிமிட்டும் விளக்கைக் கொண்டு நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டா. சிலருக்கு அது வலிப்பைத் தூண்டிவிடும்.) போதைப்பொருளே இல்லாமலும் அவை வருகின்றன என்றால், அவற்றின் பிறப்பிடம் நம் மூளையாகத்தானே இருக்க வேண்டும்?

1979-இல் எர்மென்ட்ரவுட், கோவன் என்ற இரு அறிஞர்கள் இதற்குக் கணித விளக்கம் தந்தார்கள். விழித்திரையில் விழும் பிம்பம் மூளையின் பார்வைப் பகுதிக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. விழித்திரையின் நடுப்பகுதிக்கு மூளையில் அதிக இடமும், ஓரங்களுக்குக் குறைந்த இடமும் கிடைக்கின்றன. ஏறத்தாழ இது நாம் அறிந்த மடக்கை அளவீடுதான்! நரம்பணுக்களில் ஒன்றையொன்று தூண்டுபவையும் உண்டு, அடக்குபவையும் உண்டு. இந்தச் சமநிலை குலைந்தால் மூளைப்பரப்பில் வரிவரியாகக் கிளர்ச்சி எழும். அடியில் சூடேற்றிய மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் ஒழுங்கான கட்டங்கள் தோன்றுவது போன்றதே இதுவும். அங்கே எழுவது வெறும் சாய்ந்த நேர்கோடு. நமக்குத் தெரிவதோ சுருள்!

நம்ப முடியவில்லையா? காகிதமும் கோணமானியும் எடுங்கள். ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு 0°, 30°, 60° என்று 300° வரை கோடுகள் வரையுங்கள். அவற்றில் மையத்திலிருந்து முறையே 1, 1.26, 1.58, 2, 2.51, 3.16, 3.98, 5.01, 6.31, 7.94, 10 செ.மீ. தொலைவில் புள்ளியிட்டு இணையுங்கள். அழகான சுருள் கிடைக்கும். இத்தொலைவுகளின் மடக்கைகளோ 0, 0.1, 0.2 என்று சீராக ஏறுபவை. அவற்றைக் கோணத்துக்கு எதிராக வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடுதான்.

சரி, கலைஞர்களின் பங்கு என்ன? சுவரொட்டி ஓவியர் விக்டர் மாஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறவியல் பயின்றவர். ஒரே அளவு பொலிவுள்ள எதிர்நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் அவற்றின் எல்லைக்கோடு அதிர்வது போலத் தோன்றும். அவருடைய சுவரொட்டிகளின் துடிப்புக்கு இதுவே காரணம்.

இசையிலும் இப்படித்தான். பீட்டில்ஸ் குழுவின் 'டுமாரோ நெவர் நோஸ்' (1966) பாட்டில் ஜான் லெனானின் குரல் ஓரிடத்தில் எங்கிருந்தோ மிதந்து வருவது போலக் கேட்கும். பொறியாளர் ஜெஃப் எமரிக் அக்குரலைச் சுழலும் ஒலிபெருக்கி வழியே செலுத்திப் பதிவு செய்தார். ஒலி நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் ஊதலில் நீங்கள் கேட்டிருக்கும் அதே டாப்ளர் விளைவு! ஆர்கன் என்னும் இசைக்கருவிக்காக 1940-களிலேயே வந்துவிட்ட பெட்டி அது.