தொலைவில் ஒரு திரை

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பெரும்பாலான அலுவலகங்கள் மூடப்பட்டன. ஆயினும், பலருடைய பணி தொடர்ந்தது. அலுவலகக் கணினியின் திரையை வீட்டிலிருந்தபடியே தங்கள் மடிக்கணினியில் திறந்து அவர்கள் வேலை செய்தனர். இவ்வசதியைத் தருவது தொலைத்திரை மென்பொருள் ஆகும். இதில் அலுவலகத்தில் இருக்கும் கணினி சேவையகமாகச் செயல்படுகிறது. கணக்கீடுகள் யாவும் அங்கேயே நடைபெறுகின்றன. திரைக்காட்சி மட்டும் இணையம் வழியாக வீட்டை வந்தடைகிறது.

இம்முறையில் பலரும் எதிர்நோக்கும் சிக்கல் தாமதம். ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தோன்றச் சற்று நேரம் பிடிக்கிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது மட்டும் போதாது என்பதை ஒரு சிறு கணக்கு உணர்த்தும்.

கணினித் திரை மிகச் சிறிய புள்ளிகளால் ஆனது. 1920 x 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் தேவை எனில், ஒரு முழுத்திரைக்கு ஏறக்குறைய 6.2 மெகாபைட் வேண்டும். அதை நொடிக்கு 30 முறை அனுப்ப, 186 மெகாபைட்டுக்கும் மேல் தேவைப்படும். ஆனால், நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு 12.5 மெகாபைட்டையே சுமக்கும்.

எனவே, குறைவாக அனுப்புவதே சிறந்த வழி. 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஆய்வுக்கூடமொன்றில் உருவான ‘விஎன்சி’ மென்பொருள் இவ்வழியைப் பின்பற்றியது. அது திரையில் மாறிய பகுதியை மட்டுமே அனுப்பும். ஒரு சன்னலை நகர்த்தினால், அதன் படத்தை மீண்டும் அனுப்பாமல், ‘இதனை அங்கே நகர்த்து’ என்னும் சிறு குறிப்பை மட்டும் அனுப்பும்.

சேவையகத்தின் சுமையையும் குறைக்க வேண்டும். மாற்றத்தைக் கண்டறிய முழுத்திரையையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் ஆற்றல் வீணாகும். எந்தப் பகுதி மாறியது என்பதை இயக்க முறைமையே தெரிவித்தால் அவ்வேலை மிச்சமாகும். வண்ணமயமான பின்னணிப் படத்தையும் அசைவூட்டங்களையும் நிறுத்திவிட்டால், அனுப்ப வேண்டிய தரவு மேலும் குறையும்.

தொலைவு ஏற்படுத்தும் தாமதம் வேறு வகையானது. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்லும். கோலாலம்பூருக்கும் இலண்டனுக்கும் இடையே 10,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உள்ளது. ஆகவே, ஒரு தகவல் சென்று திரும்பக் குறைந்தது 0.1 நொடி ஆகும். எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் இத்தாமதத்தைப் போக்க இயலாது. அருகிலுள்ள சேவையகத்தைப் பயன்படுத்தினால் மட்டுமே இது குறையும். சுட்டியின் குறியையேனும் பயனரின் கணினியே வரைந்து காட்டினால், அதன் அசைவில் தாமதம் தெரியாது.

எனினும், எதைக் குறைப்பது என்பதில் கவனம் தேவை. கடிதம் தட்டச்சு செய்பவருக்கு நிறங்கள் சற்று மங்கினாலும் பாதகமில்லை. நோயாளியின் ஊடுகதிர்ப் படத்தைத் தொலைவிலிருந்து ஆராயும் மருத்துவரின் நிலை வேறு. நுண்ணிய விவரங்களை நீக்கிப் படத்தைச் சுருக்கினால், எலும்பிலுள்ள மெல்லிய விரிசல் அவர் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். அங்கே வேகத்தைவிடத் தெளிவே முதன்மையானது.

சுருங்கச் சொல்லி விளங்க வைப்பது நல்ல பேச்சுக்கு அழகு. தொலைத்திரைக்கும் அது பொருந்தும். சுருக்கம் வேகத்தைத் தரும். ஆனால், பார்ப்பவருக்கு விளங்க வேண்டியது விளங்கினால்தான் அவ்வேகத்தால் பயன் உண்டு.