சொல்லிவிட்டுப் போகச் சொல், மகளே



உன் பாலர் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நீ எழுதிய கையேட்டைப் படித்தேன். பை, மாற்றுத்துணி, கழிப்பறைப் பழக்கம், கலைத்திட்டம் இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். ‘பிள்ளை விளையாட ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் கிளம்பிவிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியை என்னால் பொறுக்க முடியவில்லை.

கொண்டுவந்து விட்ட பாட்டி அப்படிக் கிளம்பினால், நிமிர்ந்து பார்க்கிற பிள்ளைக்குப் பாட்டி இல்லை. விளையாடினால் பாட்டி காணாமல் போய்விடுவாள் என்பதுதான் அன்று அது படிக்கிற முதல் பாடம். மறுநாள் பொம்மையைத் தொடாது, சேலைத் தலைப்பை விடாது. வீட்டில் குளியலறை வாசல் வரை பின்னாலேயே வந்து நிற்கும். பிடிவாதம் என்கிறோம். பிடிவாதமில்லை அது, காவல். இன்னொரு முறை ஏமாறக் கூடாது என்று நாலு வயதில் காவல் இருக்கிறது.

சொல்லிவிட்டுப் போனால் அழும்தான். அழட்டும். குனிந்து, முகத்தைப் பார்த்து, “மீகூன் சாப்பிட்டு, மைலோ குடிச்சு, கதை கேட்டு முடிச்சதும் பாட்டி வருவேன்” என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். ‘இதோ வந்துடறேன்’ கூடாது. மணிக்கணக்கும் கூடாது, பதினொன்றரை என்றால் அதற்கு என்ன தெரியும்? கதை முடிந்தால் பாட்டி என்பது தெரியும். சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். முதல் வாரத்தில் பத்து நிமிடத் தாமதம்கூடப் பெரிய குற்றம் என்று தடித்த எழுத்தில் போடு.

என் காலத்தில் ஆயாக் கொட்டகையில் யார் சொல்லிக்கொண்டு போனார்கள் என்று நீ கேட்கலாம். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிற அம்மாக்கள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு வந்து, கைலியில் கட்டிய ஏணையில் கிடத்திவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போவார்கள். இருட்டில் பால் வாடையும் மண்ணெண்ணெய் விளக்கும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஆனால், கண் விழிக்கிற பிள்ளைக்கு முன்னால் நிற்கிற ஆயா யார்? அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவள். பிறந்த நாளிலிருந்து அதைத் தூக்கியவள். பிள்ளை ஒரு தெரிந்த மடியிலிருந்து இன்னொரு தெரிந்த மடிக்கு மாறியது, அவ்வளவுதான். நீ எவ்வளவு அன்பானவளாக இருந்தாலும் முதல் நாள் அதற்கு வேற்றாள். வண்ணச் சுவர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய நீ, வாசலில் பிள்ளையை வாங்குகிற கை யாருடையது என்று ஒரு வரி எழுதவில்லை. பிள்ளை கட்டடத்தில் நிலைப்பதில்லை, ஒரு ஆளிடம் நிலைக்கிறது. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே ஆசிரியை வாங்கட்டும். இதை நான் எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லித்தான் வயதானேன்.

அப்படி நிலைக்க நாள் பிடிக்கும். ஜெர்மனியில் 1980களில் உருவான பெர்லின் முறையில், முதல் மூன்று நாளும் பெற்றவர் அறைக்குள்ளேயே ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான்காம் நாள்தான் முதல் பிரிவு, அதுவும் அரைமணிக்கு மிகாமல். ஓய்வுநாள் முடிந்து வரும் திங்கட்கிழமையில் முதல் பிரிவு கூடாது என்கிறார்கள். நம் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஆகவே நமக்கு ஞாயிறு கூடாது. பெர்லின் முறை மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கானது. நாலு வயதுக்காரர்களுக்கு நாள்களைக் குறைத்துக்கொள், வரிசையை மாற்றாதே.

அடுத்தது ஸ்டார். அழாத பிள்ளைக்கு நெற்றியில் ஒரு ஸ்டார் ஒட்டுவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மகளே. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் லாரா என்ற இரண்டரை வயதுக் குழந்தையை எடுத்த படம் 1952இல் வெளிவந்தது. எட்டு நாள் அவள் அங்கே தங்கினாள். பெற்றோர் பார்க்க வருவதற்கே கட்டுப்பாடு இருந்த காலம். அவள் பெரும்பாலும் அழவில்லை. கரடி பொம்மையையும் போர்வையையும் கட்டிக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். அழாத பிள்ளை பழகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு அந்தப் படம் கசந்தது. 1959இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கச் சொன்னது. உன் வகுப்பில் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் முதலில் போ. சத்தமாக அழுகிறவன் உன்னிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.

இவ்வளவு திட்டினாலும் கடைசிப் பக்கத்துக்காக உன்னைக் கும்பிடத் தோன்றியது. ‘பந்தால் பூசோக்கைக் கொடுத்தனுப்புங்கள், துவைக்காமல் அனுப்புங்கள்’ என்று எழுதினாயே! இத்தனை வருடத்தில் எந்தப் பாலர் பள்ளிக் கையேட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை. அந்த அழுக்குத் தலையணையில் வீட்டின் வாடை இருக்கிறது என்பதை நீ எப்படிக் கண்டுகொண்டாய்? வினிக்காட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951இல் இதைத்தான் சொன்னார். துவைத்தால் பிள்ளைக்கு அதன் பொருளே போய்விடும். அந்தப் பத்தி முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். நீ ‘அம்மா மூன்று நாள் விடுப்பு எடுக்கட்டும்’ என்று எழுதினால் பாதிப் பேருக்கு ஆகாது. பக்கார் ஆராங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிற அம்மா மூன்று நாள் உட்கார்ந்தால் சம்பளம் வெட்டுவார்கள். பாட்டி உட்காரட்டும், சித்தி உட்காரட்டும், இரவு ஷிப்ட் முடித்த அப்பா சுவரில் சாய்ந்து தூங்கினாலும் பரவாயில்லை, பிள்ளை கண்ணில் பட்டால் போதும். பதிவுப் பாரத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், வருமானம் எல்லாம் கேட்கிறாய். கூடவே, காலையில் யார் கொண்டுவந்து விடுவார், பிள்ளை அவரை என்ன சொல்லிக் கூப்பிடும் என்று இரண்டு கட்டம் போடு. பாரத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சுங்கைப் பட்டாணியிலிருந்து உன் பழைய டீச்சர்