செல்லப்பிராணி இன்சூரன்ஸ்: பழைய நோயை மறைக்காமல் படிவம் நிரப்புவது எப்படி?

நாய்க்கோ பூனைக்கோ இன்சூரன்ஸ் எடுக்கப் போனால் படிவத்தில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: பிராணிக்கு ஏற்கெனவே நோய், காயம், அறுவை சிகிச்சை ஏதாவது உண்டா? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களில் பலருக்குக் கிடையாது. போன வருஷம் காதில் சீழ் வந்தது, சொட்டு மருந்து விட்டதும் போய்விட்டது. அதைப் போய் நோய் என்று யார் நினைப்பார்கள்? க்ளைம் கேட்கும் நாளில் கம்பெனி நினைக்கும். பாலிசியே செல்லாது என்று சொல்லவும் அந்த ஒரு டிக் போதும்.

'ஏற்கெனவே உள்ள நோய்' என்பதற்கு இந்தப் பாலிசிகள் தரும் பொருள் நாம் நினைப்பதைவிட அகலமானது. டாக்டர் பெயர் வைத்த நோய் மட்டும் அதில் அடங்காது. பாலிசி தொடங்கும் முன்பே தென்பட்ட அறிகுறியும் அடங்கும். மார்ச்சில் லாப்ரடார் லேசாகப் பின்னங்கால் நொண்டியது, ஏப்ரலில் பாலிசி எடுத்தீர்கள், ஆகஸ்டில் எக்ஸ்ரே எடுத்து இடுப்பு மூட்டுக் கோளாறு என்று சொல்கிறார்கள் என்றால், கம்பெனியின் கணக்கில் அந்த நோய் மார்ச்சிலேயே வந்துவிட்டது. பாலிசி தொடங்கியதும் வரும் காத்திருப்புக் காலத்தில் தென்பட்டதையும் பல பாலிசிகள் இதே கணக்கில்தான் சேர்க்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. மனிதர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம் என்றும், 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபணமானால் தவிர, பழைய கதையைக் கிளறக் கூடாது என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதி வகுத்தது. அந்தச் சலுகைகள் நம் வீட்டு நாய்க்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். செல்லப்பிராணிப் பாலிசி பொதுக் காப்பீட்டில் வேறு வகை. பெரும்பாலும் பழைய நோய் எத்தனை வருஷம் ஆனாலும் பழைய நோய்தான்.

முதல் வேலை: காகிதங்களைச் சேர்ப்பது

படிவத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் எல்லாச் சீட்டையும் ஒரு கவரில் போடுங்கள். தடுப்பூசிப் புத்தகம், மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன், பில். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அந்த ஓ.பி. சீட்டு. டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் கணக்குதான். 'டாக்டர், ரெண்டு நாளா வாந்தி எடுக்குது' என்ற செய்தியில் தேதி இருக்கிறது. சீட்டு தொலைந்திருந்தால் வழக்கமாகக் காட்டும் கிளினிக்கில் கேட்டால் கம்ப்யூட்டரில் இருப்பதை அச்செடுத்துத் தருவார்கள். க்ளைம் வரும்போது கம்பெனியும் அதே கிளினிக்கிடம் முழுச் சிகிச்சை வரலாற்றைத்தான் கேட்கும். அவர்கள் பார்க்கப்போவதை நீங்கள் முன்னால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து: தேதிவாரியாக ஒரு பட்டியல்

ஒரு வெள்ளைத்தாள் போதும். எந்த மாதம், என்ன கண்டீர்கள், டாக்டர் என்ன சொன்னார், என்ன மருந்து, எத்தனை நாள், இப்போது எப்படி இருக்கிறது. உதாரணத்துக்கு இப்படி: '2023 ஜூன், இடது காதில் நாற்றமும் சீழும், 10 நாள் சொட்டு மருந்து, சரியானது. 2024 ஜனவரி, அதே காதில் மறுபடியும், அதே மருந்து, அதன்பின் இல்லை.' இவ்வளவுதான். நோயைப் பெரிதாக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 'சின்ன விஷயம்', 'சும்மா' போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். சின்னதா பெரியதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

நம் ஊரில் இந்தப் பட்டியலில் அதிகம் விட்டுப்போவது உண்ணிக் காய்ச்சல். வெயில் ஊர்களில் நாய் உண்ணி வருஷம் முழுக்க இருப்பதால் அது கடித்துக் காய்ச்சல் வருவது சகஜம்; சகஜம் என்பதாலேயே மறந்தும் போகிறோம். எர்லிக்கியா என்ற கிருமி வந்த நாய்க்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சுமார் 28 நாள் கொடுப்பார்கள். நாய் சாப்பிடத் தொடங்கும், தட்டணு எண்ணிக்கை ஏறும், நாமும் குணமாகிவிட்டது என்று நிம்மதியாவோம். ஆனால் சில நாய்களில் கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பதுங்கி, வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூடத் தங்கும். கிருமி போன பின்பும் எதிர்ப்பொருள் பரிசோதனை நெடுநாள் 'பாசிட்டிவ்' காட்டலாம். பேபீசியா வகை ஒட்டுண்ணியும் இப்படித்தான், முற்றிலும் ஒழிவது கடினம்.

ஆகவே உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு 'பூரண குணம்' என்று நீங்களாக எழுதாதீர்கள். எந்த மாதம் வந்தது, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, எத்தனை நாள் மருந்து, கடைசியாக எடுத்த தட்டணு எண்ணிக்கை என்ன என்று எழுதி அறிக்கையின் நகலை இணையுங்கள். கம்பெனி உண்ணிக் காய்ச்சலை மட்டும் விலக்கிவிட்டுப் பாலிசி தரலாம். அது நஷ்டமாகத் தோன்றும். ஆனால் அதே நாய் பைக்கில் அடிபட்டாலோ, மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்தாலோ, கருப்பையில் சீழ் வைத்தாலோ அந்தப் பாலிசி நிற்கும். உண்ணிக் காய்ச்சலை மறைத்திருந்தால், மாங்கொட்டை ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே பழைய கதை வெளிவந்து, சம்பந்தமில்லாத அந்த க்ளைமும் சேர்ந்து போகக்கூடும்.

இதேபோல் விட்டுப்போகிறவை: தோல் அரிப்பு, அடிக்கடி வரும் பேதி, பொமரேனியனின் முழங்கால் சில்லு நழுவுவது, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று டாக்டர் போகிறபோக்கில் சொன்னது, ஒருமுறை மட்டும் வந்த வலிப்பு, ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தது. பிறவிக் குறைகளும் இதில் சேரும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுகிறது; உங்கள் நாய்க்குக் காது கேட்காது என்றால் அதையும் எழுதுங்கள். முழங்கால் தசைநார் ஒரு காலில் அறுந்த நாய்க்கு மறு காலிலும் அறுவது உண்டு என்பதால், சில பாலிசிகள் ஒரு பக்கம் பழுதானால் இரண்டு பக்கத்தையும் பழைய நோயாகக் கொள்கின்றன. எந்தக் கால் என்று குறிப்பிடாமல் விட்டுத் தப்பிக்க முடியாது.

வயதிலும் உண்மை வேண்டும். சேர்க்கும் வயதுக்கு வரம்பு வைத்திருப்பதால் ஒரு வருஷம் குறைத்து எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பிராணி என்றால் பழைய வரலாறு யாருக்கும் தெரியாது. அதற்காக 'எந்த நோயும் இல்லை' என்று எழுதக் கூடாது. 'இந்தத் தேதியில் தத்தெடுத்தேன். அதற்கு முந்தைய விவரம் எனக்குத் தெரியாது. வயது டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்ன உத்தேசம்' என்று எழுதுங்கள். தெரியாததைச் சொல்லவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது நம் நீதிமன்றங்களும் ஏற்ற நியாயம்.

டாக்டர் சான்றிதழ்

பல கம்பெனிகள் உடல்நலச் சான்றிதழ் கேட்கின்றன. அதை வாங்கப் போகும்போது உங்கள் பட்டியலையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். 'இதை மட்டும் விட்டுட்டு எழுதுங்க சார்' என்று கெஞ்சாதீர்கள். பொய்ச் சான்றிதழ் தருவது இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் விதிப்படி தொழில் முறைகேடு. நம் பிராணியைக் காப்பாற்றும் மனிதரின் பதிவுக்கு நாமே ஆபத்து தேடித்தரலாமா? அதற்குப் பதிலாக இன்றைய நிலையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: இரண்டு காதும் பார்த்தாயிற்று, தொற்று இல்லை, நடை சரியாக இருக்கிறது. இப்படிப்பட்ட வரி பின்னால் உங்களுக்குத்தான் உதவும்.

படிவம் நிரப்பும் நேரம்

ஏஜென்ட் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது, ஓ.டி.பி.யும் உங்கள் போனுக்குத்தான் வருகிறது. 'அதெல்லாம் எழுதுனா பாலிசி கிடைக்காது மேடம், இல்லன்னே போட்டுடலாம்' என்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அந்த மாத இலக்கு. ஆனால் க்ளைம் நிராகரிக்கப்படும் நாளில் ஆஸ்பத்திரி பில் கட்டப்போவது அவர் அல்ல. ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நீங்கள் சொன்னதைத்தான் எழுதினாரா என்று பார்த்த பிறகே ஓ.டி.பி. கொடுங்கள்.

ஆன்லைன் படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கும், விவரம் எழுத இடம் இராது. 'ஆம்' போடுங்கள், பட்டியலையும் சான்றிதழையும் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, பணம் கட்டுவதற்கு முன்பே கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னேன் என்பதற்கு ஆதாரம் இருக்காது, மின்னஞ்சலுக்குத் தேதியும் நேரமும் உண்டு. நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். நாய்க்கு மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணையும் சேருங்கள். இது வேறு நாய் என்ற பேச்சு பிறகு எழாது.

இவ்வளவு சிரமம் ஏன் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளே பதில். இரண்டுமே மனிதர்களின் மருத்துவ பாலிசி பற்றியவை. ஆனால் படிவத்தில் உண்மை சொல்லும் கடமை எல்லாப் பாலிசிக்கும் பொது. 2009-இல் வந்த தீர்ப்பில், நாட்பட்ட சர்க்கரை நோயையும் சிறுநீரகப் பாதிப்பையும் படிவத்தில் சொல்லாதவரின் க்ளைமை நிராகரித்தது சரி என்றது நீதிமன்றம். பாலிசி தரலாமா, எவ்வளவு பிரீமியம் என்ற முடிவை மாற்றக்கூடிய எந்த விஷயமும் முக்கியமான விஷயமே என்றும் சொன்னது. 2021 டிசம்பரில் வந்த மன்மோகன் நந்தா வழக்கில் நிலைமை நேர் எதிர். வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்த அவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைப் படிவத்தில் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு வந்தது, கம்பெனி மறுத்தது. சொன்னதைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பின் அதையே காரணம் காட்டி மறுக்க முடியாது என்று தீர்ப்பானது. படிவத்தில் எழுதிய ஒரு வரி அவரைக் காப்பாற்றியது.

பாலிசி கைக்கு வந்ததும்

விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். நீங்கள் சொன்ன நோய் எந்தச் சொற்களில் விலக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். 'இடது காதுத் தொற்று' என்பது வேறு, 'காது மற்றும் தோல் தொடர்பான அனைத்தும்' என்பது வேறு. இரண்டாவது அளவுக்கு மீறியதாகப் பட்டால் எழுத்தில் கேளுங்கள், குறைக்க வாய்ப்பு உண்டு. எழுதியதில் எதையாவது மறந்திருந்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பித் திருத்துங்கள். க்ளைம் வந்த பிறகு அனுப்பும் திருத்தத்துக்கு மதிப்பில்லை.

புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். இடைவெளி விழுந்தால் பாலிசிக் காலத்தில் வந்த நோயும் அடுத்த பாலிசிக்குப் பழைய நோயாகிவிடும். பிரீமியம் குறைவு என்று கம்பெனி மாறினாலும் இதே கதிதான். வயதான, நோய்ப்பட்ட பிராணிக்கு இருக்கிற பாலிசியைத் தொடர்வதே பெரும்பாலும் மேல்.

எல்லாம் சொல்லியும் க்ளைம் மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. படிவ நகல், அனுப்பிய மின்னஞ்சல், டாக்டர் சான்றிதழ் மூன்றையும் இணையுங்கள். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.