கட்டியை எடுத்த பின்னும் 'கரண்ட்' ஏன்?



மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்து, மீண்டும் மார்பு அமைத்துக்கொண்ட சகோதரிகள் வார்டில் எங்களிடம் கேட்பது இது: "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே ஐயா, இனி கரண்ட் எதற்கு?" சபைகளில் கேட்கப்படுவது வேறு: மார்பை மீண்டும் அமைப்பது அலங்காரம்தானே?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். 1906-ல் இத்தாலிய மருத்துவர் இஜினியோ டான்சினி முதுகுத் தசையைத் தோலோடு திருப்பி மார்பில் வைத்தது, மார்பை எடுத்த பெரும் புண்ணை மூடவே. இன்றும் அது இழந்த உறுப்பைத் திருப்பித் தரும் சிகிச்சைதான். அதை அலங்காரம் என்பவர்கள் அந்தச் சகோதரியோடு ஒரு நாழிகை உட்கார்ந்து பேசட்டும்.

கதிர்வீச்சு எதற்கு? கட்டி போனாலும் தோலிலும் நெஞ்சுச் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் தங்கியிருக்கலாம். கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தாலோ, மருத்துவர்கள் பொதுவாக இதை வற்புறுத்துவார்கள். நெறிக்கட்டிகளில் நோய் பரவிய பெண்களுக்கு இது மறுபடி நோய் வருவதைக் குறைத்து ஆயுளையும் கூட்டுகிறது என்று 1997-ல் வெளியான டென்மார்க், கனடா ஆய்வுகள் காட்டின.

ஆனால் உயிரைக் காக்கும் அதே கதிர், புதிதாக அமைத்த மார்பைக் கெடுக்கவும் கூடும். சிலிக்கான் பை வைத்திருந்தால், அதைச் சுற்றி உடல் உண்டாக்கும் மெல்லிய உறை தடித்துச் சுருங்கி, மார்பு கல்போல் இறுகலாம். சிலருக்கு மறு அறுவையும் தேவைப்படும். வயிற்றுச் சதையிலோ முதுகுச் சதையிலோ அமைத்த மார்பு கதிரைப் பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். அதுவும் ஓரளவு சுருங்கலாம். அதனால் சில மருத்துவர்கள் கதிர்வீச்சை முடித்து, மாதங்கள் கழித்தே மார்பை அமைக்கிறார்கள். கத்தி வைக்குமுன்பே இரு மருத்துவர்களும் அந்தச் சகோதரியோடு கூடிப் பேசிவிடுவது நல்லது.

முன்பு 5 வாரம், 25 முறை என்பது வழக்கம். இன்று பல இடங்களில் 3 வாரத்தில், 15 அல்லது 16 முறையில் முடிகிறது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே, வலி இல்லை. தோல் கறுக்கும், அக்குளில் உரியும். உடலில் போட்ட மைக்கோடுகளை அழிக்கக் கூடாது. கேட்காமல் மஞ்சளோ தைலமோ பூசக் கூடாது.

தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கும் வீடுகள் உண்டு. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை. தாய் தன் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. மீந்த அணுக்கள் வளர இடம் கிடைத்துவிடும். பலர் நிறுத்துவது பயத்தினால் அல்ல. பஸ் கட்டணமும், தங்கும் செலவும், இழந்த கூலியுமே காரணம். உங்கள் சபையில் ஒரு சகோதரிக்கு இந்தச் சிகிச்சை தொடங்கினால், முதல் வாரமே அவரிடம் கேளுங்கள்: துணைக்கு வர யார் இருக்கிறார்கள், அடுப்பை யார் பார்க்கிறார்கள் என்று.