புது பொண்டுக்கு ரிக்கெற் எடுக்கலாமா?

கேள்வி: ஜேம்ஸ் பொண்டாகப் புது ஆள் வரப்போகிறாராம். கிறெய்க் இல்லாத பொண்டை எங்கட வீட்டில் ஒருத்தரும் ஏற்கினம் இல்லை. ரிக்கெற் காசு வீணாகுமோ?
– வாசகர், கொழும்புத்துறை

பதில்: ரிக்கெற் எடுங்கோ. உங்கட வீட்டார் இப்ப கொண்டாடுகிற டானியல் கிறெய்க்கையே 2005இல் ரசிகர்கள் வேண்டாமென்று கொடி பிடித்தார்கள். குற்றம்? பொன்னிறத் தலைமயிர்! 2006இல் 'கசினோ ரோயல்' வந்தது, கொடி சுருண்டது. 2021 வரை ஐந்து படம் நடித்துவிட்டுத்தான் மனிதர் இறங்கினார்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. ஷோன் கொனரிக்குப் பின் 1969இல் வந்த அவுஸ்திரேலிய மொடல் ஜோர்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு சரி. ஆனால் அந்தப் படத்தை இன்று பலர் பொண்ட் படங்களின் முன்வரிசையில் வைக்கிறார்கள். ஆளைத் திட்டியவர்கள் கதையைக் கவனிக்கவில்லை. மாற் டேமன் இல்லாத 'பேர்ன் லெகசி' (2012) வேறு கதை: ஜெரமி ரென்னர் ஓடி உழைத்தும், 2016இல் டேமனே திரும்பி வந்தார்.

தமிழிலும் புதுமுகம் தோற்கவில்லை. 1965இல் அறிமுகமான ஜெய்சங்கர் அடுத்த வருசமே 'வல்லவன் ஒருவன்' படத்தில் துப்பறிந்து, 'தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்' என்று பேரெடுத்தார்.

வீட்டாரைச் சமாளிக்க, 'கசினோ ரோயலை' ஒருக்கால் திரும்பப் போட்டுக் காட்டுங்கோ. மடகஸ்கார் கிரேன் துரத்தல் முடியமுன் தேத்தண்ணி ஆறிப்போகும்.