மக்கறோனிக்கு ஏற்ற தக்காளிச் சோஸ்

கேகாலைப் பகுதியில் நெல் அறுவடையின் பின் வயலிலும், தோட்டப்புறங்களில் லயத்தை அடுத்த சிறு நிலத்திலும் தக்காளி செய்வோர் ஒரு நட்டத்தை நன்கு அறிவர். காய்களிற் பெரும்பகுதி சில நாட்களுக்குள்ளேயே பழுத்துவிடுகின்றது. அவ்வேளையில், 1999 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்தும் லொறிகள் வந்து சேருமாயின், மாவனெல்லை, றம்புக்கனைச் சந்தைகளில் விலை இறங்கிவிடும். காய்ந்திருந்த நிலத்தில் திடீரென மழை பெய்தாலோ பழம் வெடிக்கின்றது. வெடித்த பழத்தை வியாபாரி கழித்துவிடுவார். ஆயினும் அன்று வெடித்து, பூஞ்சணமும் புளித்த மணமும் இல்லாத பழம் அன்றே சமைப்பதற்குக் கெட்டதன்று.

மக்கறோனி இப்போது கிராமக் கடைகளிலும் கிடைக்கின்றது. அதற்கெனச் சீனியும் வினாகிரியும் சேர்ந்த போத்தற் சோசைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, வீட்டுப் பழத்தைக் குப்பையிற் கொட்டுவது விந்தையே. இங்கு கூறப்படும் சோஸ் அரைமணி நேரத்தில் முடிவது.

நன்கு சிவந்த பழம் 1 கிலோகிராம் எடுத்துக் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுத்தாற் தோல் எளிதிற் கழரும். விதையைச் சூழ்ந்துள்ள கூழை நீக்கற்க. சுவையிற் பெரும்பங்கு அதிலேயே உண்டு. அகன்ற தாச்சியில் 3 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, சிறிதாக அரிந்த வெண்காயம் ஒன்றையும் உள்ளிப்பல் ஐந்தையும் கருகாது வதக்குக. பின்னர் பழத்தை வெட்டி வெட்டி உடனுக்குடன் தாச்சியிலே இடுக.

இவ்வாறு உடனே சூடாக்குவதற்குக் காரணம் உண்டு. பழம் நசுங்கியவுடன் அதிலுள்ள நொதியங்கள், சாற்றுக்குத் தடிப்பைக் கொடுக்கும் பெக்ரினைச் சிதைக்கத் தொடங்குகின்றன. வெட்டிய பழம் நெடுநேரம் கிடந்தாற் சோஸ் நீர்த்துப்போகும். பின்பு மாக் கரைத்து ஊற்றித் தடிப்பாக்க நேரிடும். அது சுவைக்குக் கேடு. எண்ணெய் சேர்ப்பதும் வீணன்று. பழத்தின் செந்நிறப் பொருளாகிய லைக்கோப்பீன் கொழுப்பிற் கரைவதாகையால், உடல் அதனை நன்கு ஏற்றுக்கொள்ளும்.

ஒரு தேக்கரண்டி உப்பும் விரும்பிய அளவு மிளகும் சேர்த்து, மூடாமல், அளவு ஏறத்தாழ அரைவாசியாகும் வரை சுமார் 20 நிமிடம் கிளறுக. அவித்த மக்கறோனியை வடிக்கும்போது அந்நீரில் அரைக்கோப்பையை வைத்திருந்து சோசுடன் கலந்தால், அதிலுள்ள மாப்பொருள் சோசை மக்கறோனியிற் பற்றச் செய்யும். இவ்வளவும் 500 கிராம் மக்கறோனிக்குப் போதும்.

இச்சோசைப் போத்தலில் அடைத்து அலுமாரியில் மாதக்கணக்காக வைத்தல் ஆபத்தானது. தக்காளி புளிப்பாயினும் சில பழங்களின் பி.எச். பெறுமானம் 4.6 இற்கு மேற்படும். உள்ளியும் வெண்காயமும் புளிப்பை மேலும் குறைக்கும். அந்நிலையில், காற்றுப் புகாத போத்தலில் பொட்டுலிசம் எனும் கொடிய நோயை விளைக்கும் நஞ்சு உண்டாகக்கூடும். அதனை மணத்தாலோ நிறத்தாலோ கண்டறிய முடியாது. குளிர்சாதனப் பெட்டி உள்ளோர் ஆறியவுடன் அதில் வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்தல் வேண்டும். அஃதில்லாதோர் அன்றைய உணவிற்கு வேண்டியதை மட்டும் தயாரிக்க. எஞ்சிய நல்ல பழத்தைக் காம்புப்பக்கம் கீழாக, ஒன்றன்மேலொன்று அடுக்காது, நிழலிற் பரப்பி வைத்தால் மேலும் சில நாட்கள் தாங்கும்.